வலது கைக்கு ட்யூப், இடது கைக்கு டப்பா

மார்ச் 4, புதன்.

இன்று ஒரு தவறு செய்தேன். அப்பாவின் கைக்கென்று வாங்கிய லோஷனில் முன்பக்கத்தை மட்டும் படித்தேன், பின்பக்கத்தைப் படிக்கவில்லை. போன வாரம்தான் வகுப்பில் லேபிள் படிக்கும் தேர்வு வைத்தார்கள். இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன். அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று இன்று தெரிந்தது.

அவள் எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது, சமையலறைக் குழாயடியில் அப்பா இன்னமும் இரண்டு கைகளையும் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாய்க்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். லோஷனைத் தயாரித்தவனையா, வாங்கி வந்த மகளையா என்று கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

"நல்லா மணக்குதேன்னு நினைச்சேன். இப்ப மிளகாய் அரைச்ச மாதிரி எரியுது," என்றார் அப்பா.

"அந்த மணம்தான்ப்பா எரியுது. பின்னாடி பொடி எழுத்துல வாசனைன்னு போட்டிருக்கான். முன்னாடி குழந்தை படம் இருந்துச்சு. அதைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

"குழந்தைக்கு என் கையா இருக்கு? இருபத்திரண்டு வருஷம் மாவு பிசைஞ்ச கை."

தையல் மெஷினை நிறுத்தாமலே அம்மா குரல் கொடுத்தாள். "ஏங்க, அவளையே சொல்லிட்டிருக்காதீங்க. அந்த டாக்டரம்மா கொடுத்த ட்யூபை ஒழுங்காப் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"அது என்ன விலைன்னு தெரியுமில்ல?"

தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முப்பது கிராம் ட்யூப் ஒன்று, அப்பாவின் இரண்டு நாள் கூலி. அது தீர்ந்தால் இன்னொன்று, அதுவும் தீர்ந்தால் மற்றொன்று என்று மாதக்கணக்கில் வாங்கச் சொல்லியிருந்தார் தோல் மருத்துவர்.

அப்பா பேக்கரியில் மாஸ்டர். கலக்குவதற்கு மெஷின் வந்துவிட்டது என்றாலும், மாவைத் துண்டு போட்டு உருட்டி வடிவம் கொடுப்பது இன்றும் கைதான். மாவு, தண்ணீர், தட்டுக் கழுவும் திரவம், மறுபடி மாவு என்று நாளெல்லாம் நனைந்து காய்ந்து, போன குளிர்காலத்திலிருந்து அவர் கைகள் வெடிக்க ஆரம்பித்தன. முதலில் விரல் நுனி, பிறகு கணுக்கள். இப்போது வலது கட்டைவிரல் மடிப்பில் கத்தியால் கீறியதுபோல் ஒரு வெடிப்பு. விரலை நீட்டினால் ரத்தம் எட்டிப் பார்க்கும்.

வெடிப்போடு மட்டும் போயிருந்தால் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். முதலாளி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொடுக்க ஒப்பந்தம் போட்டிருந்தார். மாவைத் தொடுகிற ஒவ்வொருவரின் கையையும் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்ப்பார் என்பது அதில் ஒரு விதி. தேதி மார்ச் 17. கையில் திறந்த புண் இருந்தால் மாவு மேசைப் பக்கம் வரக்கூடாது. அப்படிப்பட்டவர்களை மாவு மூட்டை இறக்கும் பக்கம் மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாரையும் வெளியே அனுப்பமாட்டேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அப்பாவுக்கு இடுப்பில் டிஸ்க் விலகி இரண்டு வருடமாகிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே மூன்று நாள் படுப்பார். ஐம்பது கிலோ மூட்டையை எப்படித் தூக்குவார்?

பதின்மூன்று நாள்தான் இருந்தது.

அவள் பகலில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பதிவு செய்கிறாள். மாலை ஆறரை மணிக்கு மருந்துக்கடை உதவியாளர் வகுப்பு. அன்றன்று செய்த தவறைத் தேதி போட்டு எழுதச் சொன்னது அந்த வகுப்புதான். மற்றவர்கள் இரண்டே வாரத்தில் விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை. தவறுகளுக்கு அவளிடம் பஞ்சமில்லை என்பது ஒரு காரணம். அந்த நோட்டைப் பார்த்துத்தான் அப்பா அவளுக்கு 'ஆடிட்டர்' என்று பெயர் வைத்தார். இப்போது பேக்கரியில் எல்லாருக்கும் அவள் ஆடிட்டர்தான்.

மறுநாள் வகுப்புக்குப் போகும் வழியில், தெருமுனை மருந்துக்கடையில் அக்காவிடம் ட்யூபை நீட்டினாள். கடைக்குச் சொந்தக்காரி அந்த அக்கா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் எதையும் படிப்பாள்.

"அக்கா, இதுக்குப் பதிலா விலை கம்மியா வேற ஏதாவது போடலாமா? இதுல மருந்து ஏதும் இருக்கா?"

"டாக்டர் எத்தனை ட்யூப் கொடுத்தாங்க?"

"ரெண்டு. சின்னது ஏழு நாளைக்கு, சிவந்த இடத்துல மட்டும் போடச் சொன்னாங்க. அது முடிஞ்சிடுச்சு. இது பெரிசு, தினமும் போடச் சொன்னது."

"சின்னதுதான் மருந்து. அதுல நாம கைவைக்கக் கூடாது, மாத்தவும் கூடாது. இது தோல்ல ஈரம் போகாம காக்கிறதுக்கு. இதுக்குப் பதில் இருக்கு." அக்கா குனிந்தாள். கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கிய வண்ண வண்ணப் புட்டிகளை எல்லாம் விட்டுவிட்டு, அடித்தட்டில் தூசிக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தாள். "வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. வாசனை கிடையாது, வண்ணம் கிடையாது, படம்கூடக் கிடையாது. அதனாலதான் யாரும் கேக்கிறதில்ல."

அவள் டப்பாவைத் திருப்பினாள். பின்பக்கத்தை இரண்டு முறை படித்தாள். ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருந்தது. மூன்றாவது முறையும் படித்தாள்.

"என்னடி, மனப்பாடம் பண்றியா?"

"இல்லக்கா. நேத்து படிக்காம வாங்கிட்டேன்."

"முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாரு. ஒண்ணும் ஆகலைன்னா கைக்குப் போடு. கையைக் கழுவி, ஈரத்தை ஒத்தி எடுத்ததும் போடணும். காய விட்டுட்டுப் போட்டா பிரயோஜனம் இல்ல."

விலை ஒரு பொட்டலம் பிஸ்கெட்டைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் குறைந்த விலையே அவளைப் பயமுறுத்தியது. இவ்வளவு மலிவான ஒன்று வேலை செய்யுமென்றால், படித்த டாக்டர் ஏன் அதை எழுதவில்லை? மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போனவள், டாக்டர் எழுதியதை மாற்றலாமா? டப்பாவை நம்பி இருக்கிற நாளையும் வீணடித்துவிட்டால்?

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கைக்கு ட்யூப், ஒரு கைக்கு டப்பா. எந்தக் கை முதலில் ஆறுகிறது என்று பார்த்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. டப்பா தோற்றாலும் ஒரு கையாவது மிஞ்சும்.

"வலது கைக்கு ட்யூப், இடது கைக்கு டப்பா. காலையில ஒரு தடவை, வேலை முடிஞ்சு வந்ததும் ஒரு தடவை. மாத்திடாதீங்கப்பா," என்றாள்.

"வலது கை செல்லப் பிள்ளை, இடது கை மாற்றாந்தாய் பிள்ளையா?" என்றார் அப்பா.

"இது பரிசோதனைப்பா. சிரிக்காதீங்க."

"சிரிக்கல ஆடிட்டரம்மா. கையெழுத்து எங்க போடணும்னு சொல்லு, போட்டுடுறேன்."

முழங்கையில் தடவியதில் அரிப்போ சிவப்போ வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பரிசோதனை தொடங்கியது. அன்று கூரியர் அலுவலகத்தில் கடிதம் நிறுக்கும் சின்னத் தராசில் ட்யூபையும் டப்பாவையும் வைத்து எடை பார்த்து எழுதினாள். ட்யூப் 33 கிராம், டப்பா 121. எதற்கு எடை என்று மேலாளர் கேட்டார். எழுதி வைத்தால் எப்போதாவது உதவும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு, அவள் வகுப்புக்குக் கிளம்பும் முன், ஜன்னலோரம் நாற்காலி போட்டு அப்பாவை உட்காரவைத்துக் கைகளைப் பார்ப்பாள். தன் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தை விட நீளமாக இருந்தால் வெடிப்பு. அதைவிடச் சிறியதென்றால் கீறல். கீறலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் நாள்: வலது 9, இடது 8. மூன்றாம் நாள்: வலது 9, இடது 6. ஐந்தாம் நாள்: வலது 10, இடது 4.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் சந்தேகம் வருவதே அவள் வழக்கம். விலை உயர்ந்தது தோற்கிறது, மலிவானது ஜெயிக்கிறது, சரி. ஆனால் வலது கையில் வெடிப்பு ஏன் கூடுகிறது? ஆறாவது நாள், கூரியர் அலுவலகத்தில் ஒரு பார்சலில் முகவரி ஒட்டும்போது, அவளுக்கு உறைத்தது. அப்பாவுக்கு வலது கைதானே வேலை செய்யும் கை! தட்டுத் தேய்ப்பதும் மாவு வெட்டுவதும் அதுதான். இடது கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் கை. அதிகம் அடிபடுகிற கைக்கு ஒன்றும், சும்மா இருக்கிற கைக்கு இன்னொன்றும் கொடுத்துவிட்டு, எது ஜெயிக்கிறது என்று நோட்டுப் போட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறாள்!

ஆறு நாள் போயிற்று. இன்னும் ஆறு நாள்தான்.

கையை மாற்றலாமா என்று யோசித்தாள். மாற்றுவதற்குமுன் ட்யூபில் இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான், மறுநாள் காலை கிளம்பும்போது இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

டப்பாவைத் தராசில் வைத்தாள். 84. முப்பத்தேழு கிராம் குறைந்திருந்தது.

ட்யூபை வைத்தாள். 32.

தராசு பழுது என்று நினைத்தாள். ஒரு வெற்று உறையை நிறுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் காட்டியது. ட்யூபை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். 32. ஆறு நாள், தினம் இரண்டு வேளை, பன்னிரண்டு தடவை. பன்னிரண்டு தடவைக்கு ஒரு கிராம்.

அன்று மாலை அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்காமலே கைகளை நீட்டினார். அவள் நோட்டை எடுக்கவில்லை. ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்பா, இதை எவ்வளவு போடுறீங்க?"

"போடுற அளவு போடுறேன்."

"காட்டுங்க."

அப்பா மூடியைத் திறந்தார். ட்யூபின் வாயில் வெள்ளையாகக் கடுகளவு எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார். அதைக் கட்டைவிரல் மடிப்பில் ஒற்றி, மற்ற விரல்களில் ஒப்புக்குத் தடவிவிட்டு மூடியைத் திருகினார்.

"டப்பாவை?"

டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டு அள்ளினார். இடது கை முழுக்க, மணிக்கட்டு வரைக்கும் பளபளவென்று பூசினார்.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அடப்பாவி மனுஷா. ட்யூப்னா கிள்ளுறீங்க, டப்பான்னா அள்ளுறீங்க."

"டப்பா மலிவும்மா. ட்யூப் தீர்ந்தா இன்னொண்ணு வாங்கணுமில்ல?"

"அப்ப தினமும் கிள்ளிக் கிள்ளி எதுக்கு மிச்சம் பிடிச்சீங்க?" என்றாள் மகள். குரல் அவளை மீறி உயர்ந்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பார்க்கறதுக்குள்ள சரியாகணும்னுதானே வாங்கினோம்?"

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்குப் போட்டுக்கிட்டுப் போகலாம்னு வெச்சிருந்தேன்."

"என்னிக்கு?"

"அவங்க பார்க்க வர்ற அன்னிக்கு. நல்ல சாமான்... அன்னிக்காவது கை நல்லா இருக்கட்டுமேன்னு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கென்று பெட்டியில் மடித்து வைக்கிற சட்டை மாதிரி களிம்பை வைத்திருக்கிறார்! அவளுடைய பரிசோதனை, எண்ணிக்கை, தராசு எல்லாம் போயிற்று. ட்யூபும் டப்பாவும் போட்டி போடவே இல்லை. கடுகளவும் கைநிறையவும்தான் போட்டி போட்டிருக்கின்றன. டாக்டர் கொடுத்தது நல்லதா கெட்டதா என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, பிசைஞ்ச மாவை மூடாம வெச்சா என்ன ஆகும்?"

"மேல காஞ்சு தோல் கட்டும். அப்புறம் வெடிக்கும்."

"வெடிக்காம இருக்க?"

"எண்ணெய் பூசி ஈரத்துணி போட்டு மூடுவோம். இதென்ன கேள்வி, நேத்து சேர்ந்த பயலுக்குக்கூடத் தெரியும்."

"எண்ணெயைக் கடுகளவு வைப்பீங்களா?"

"அது எப்படி? மூலை முடுக்கெல்லாம் பூசணும். பூசாத இடத்துலதான் வெ..." அப்பா நிறுத்தினார். தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரல் மடிப்பில் ஓரம் காய்ந்து வெள்ளையாகத் தூக்கிக்கொண்டிருந்தது. "சரிதான்," என்றார். "கேஸ் எம்மேலேயே திரும்பிடுச்சு."

அன்றிலிருந்து பரிசோதனை நின்றது. இரண்டு கைக்கும் ஒரே டப்பா. காலையிலும் மாலையிலும் படுக்கப் போகும் முன்பும். தினம் எத்தனை தடவை கை கழுவுகிறார், எதைக்கொண்டு கழுவுகிறார் என்று அவள் கேட்டாள். இருபது தடவைக்குக் குறையாது, தட்டுக் கழுவும் எலுமிச்சை மணத் திரவம்தான் என்றார். அதையும் நிறுத்தச் சொன்னாள். வாசனையில்லாத ஒரு சோப்புக்கட்டியைத் துண்டாக வெட்டி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அவர் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். தட்டுத் தேய்க்கும்போது கையுறை.

"எல்லாரும் கேலி பண்றாங்க," என்று மறுநாள் வந்து சொன்னார். "மாஸ்டர் தனி சோப்பு வெச்சிருக்காரு, மாப்பிள்ளை ஆகப் போறாரான்னு."

"அந்தக் காலத்துல ஆனப்பவே சோப்பு போடல," என்றாள் அம்மா.

தலையணை உறை தைக்கிற துணியில் அம்மா அவருக்கு இரண்டு கை உறை தைத்தாள். ஐந்து விரல் தைக்கப் பொறுமையில்லாமல் கட்டைவிரலுக்கு ஒரு பை, மற்ற நாலுக்கும் ஒரு பை என்று தைத்துவிட்டாள். படுக்கும்போது களிம்பு பூசி அதை மாட்டிக்கொண்டு அப்பா எழுந்து நின்றபோது, குத்துச்சண்டைக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தது. போர்வையை இழுக்க முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டார்.

மார்ச் 13: வலது 8, இடது 3. மார்ச் 14: வலது 6, இடது 2. மார்ச் 15, ஞாயிறு: வலது 5, இடது 1. அன்று விடுமுறை என்பதால் கை அதிகம் நனையவில்லை. கட்டைவிரல் மடிப்பு மட்டும் மூடுவதாக இல்லை. ஓரங்கள் மென்மையாகிவிட்டன, ரத்தம் வரவில்லை, ஆனால் நடுவில் சிவந்த கோடு அப்படியே இருந்தது. அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கோடு கண்முன் வந்தது. மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கும் பயிற்சியில் ஒரு அட்டையைத் தவறான பெட்டியில் போட்டாள். அதையும் நோட்டில் எழுதினாள்.

திங்கள் மாலை எண்ணினாள். வலது 3, இடது 0. கட்டைவிரல் அந்த மூன்றில் ஒன்று. அதை வெடிப்பு என்று எழுதுவதா, மூடிவிட்ட தழும்பு என்று எழுதுவதா என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எழுதினாலும் கை மாறாதும்மா," என்றார் அப்பா. ஆனால் அவர் குரலும் சரியாக இல்லை. "நாளைக்கு நீயும் வா. நோட்டையும் எடுத்துக்கோ. எனக்கு அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்ல வராது."

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணி நேரம் தாமதமாக வர அனுமதி வாங்கிக்கொண்டு அவள் பேக்கரிக்குப் போனாள். மாடியில், காலிச் சாக்குகள் அடுக்கியிருந்த அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டரும் எழுதுவதற்கு ஒரு குமாஸ்தாவும் வந்திருந்தார்கள். முதலாளி கைகட்டி ஓரமாக நின்றார். மாவு வாசனை படிக்கட்டு வரை இருந்தது. ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். அப்பா ஐந்தாவது. விடியுமுன்பே கிளம்பியிருந்த அவர், மகள் வந்ததைப் பார்த்ததும் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

முறை வந்தது. அப்பா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். இடது கை சாதாரணமாக இருந்தது. வலது கை மட்டும் எண்ணெயில் பொரித்தெடுத்ததுபோல் மின்னியது. விரலிடுக்கில் வெள்ளையாகக் களிம்பு திட்டுத் திட்டாக நின்றது.

டாக்டர் விரலைத் தொட்டாள். அவள் கையுறை வழுக்கியது. "என்ன இது? கை நிறைய?"

"க்ரீம் டாக்டர்," என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கொஞ்சம் பெருமையாகவே மேசைமேல் வைத்தார். அது பாதிக்கு மேல் ஒட்டிப் போயிருந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ட்யூபைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லதுதான். தினமும் இதைத்தான் போடுறீங்களா?"

அப்பா மகளைப் பார்த்தார். குமாஸ்தாவின் பேனா தயாராக இருந்தது. முதலாளி அசையவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியாது. மகள் சரியென்று தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாமென்று அசைக்கவும் இல்லை. அவளுக்கே எது சரியென்று தெரியவில்லை.

"இல்ல டாக்டர்," என்றார் அப்பா. "தினமும் டப்பா ஜெல்லிதான். இது இன்னிக்கு மட்டும்."

"ஏன் இன்னிக்கு மட்டும்?"

"நீங்க வர்றீங்களேன்னு."

குமாஸ்தா குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வலது கையை விரல் விரலாகத் துடைத்தாள். துணி முழுக்க இரண்டு நாள் கூலி ஏறியது. பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கையைத் திருப்பி, கட்டைவிரலைப் பின்பக்கமாக மெல்ல வளைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"முகம் வேற சொல்லுதே."

"கொஞ்சம்."

மடிப்பு விரிந்தது. சிவந்த கோடு வெளுத்தது. மகள் குனிந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வளைத்தால் திறந்துவிடும் என்று தோன்றியது. டாக்டர் இன்னும் கொஞ்சம் வளைத்தாள். கோடு திறக்கவில்லை. ரத்தம் வரவில்லை.

"இடது கை பரவாயில்ல. வலது கை இப்பத்தான் மூடியிருக்கு, மறுபடி வெடிக்கலாம்," என்றாள் டாக்டர். "எவ்வளவு நாளாப் போடுறீங்க, எத்தனை தடவை?"

அப்பா நோட்டை நோக்கிக் கை காட்டினார். "ஆடிட்டர்கிட்ட எல்லாம் இருக்கு."

மகள் முன்னால் வந்து நோட்டை விரித்தாள். டாக்டர் பக்கங்களைப் புரட்டினாள். எண்ணிக்கையைப் பார்த்தாள். பதினொன்றாம் தேதி வரை வலது கை குறையாமல் இருந்ததையும், பிறகு மளமளவென்று குறைந்ததையும் விரலால் தொட்டாள்.

"இங்க என்ன ஆச்சு?"

"அதுவரைக்கும் வலது கைக்கு ட்யூப். விலை அதிகம்னு அப்பா கடுகளவு போட்டிருக்காங்க. தப்பு என்னோடதுதான் டாக்டர். அளவு சொல்லல. அப்புறம் ரெண்டுக்கும் டப்பா. மருந்தை மாத்தலாமான்னு..." அவள் நோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களா மாத்தினது தப்பா டாக்டர்?"

"மருந்தை மாத்தலையே. சின்ன ட்யூபை ஒழுங்கா முடிச்சிட்டீங்கன்னு எழுதியிருக்கே. இது ஈரம் காக்கிறது. கை நிறையப் போட முடியற விலையில எது இருக்கோ அது போதும். சிவந்து நீர் கோத்தாலோ, அரிப்பு கூடினாலோ உடனே தோல் டாக்டர்கிட்ட போகணும்." டாக்டர் குமாஸ்தா பக்கம் திரும்பினாள். "மாவு மேசையில வேலை செய்யலாம், வலது கைக்குக் கையுறையோட. மார்ச் 31 அன்னிக்கு மறுபடி காட்டணும். அன்னிக்குத் திறந்திருந்தா மாத்த வேண்டியதுதான்."

குமாஸ்தா எழுதி முத்திரை வைத்தார். முதலாளி கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது அப்பா சீட்டை நாலாக மடித்து, பிறகு பிரித்து, மறுபடி மடித்தார்.

"பாஸா, பெயிலா?" என்று கீழிருந்து ஒருவர் கத்தினார்.

"பதினாலு நாள் வாய்தா!" என்று கத்தினார் அப்பா.

தெருமுனை வரை அவர் கூட வந்தார். அங்கே நின்று, ட்யூபை எடுத்து அவளிடம் கொடுத்தார். "திட்டணும்னா திட்டிடு. சாயந்தரம் வரைக்கும் வெச்சிருக்காதே."

அவள் திட்டவில்லை. கூரியர் அலுவலகத்துக்குப் போனதும் ட்யூபைத் தராசில் வைத்தாள். 14. ஒரே காலையில் பதினெட்டு கிராம். அதை எழுதும்போதுதான், இரண்டு வாரத்தில் முதல் முறையாக, அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். முப்பத்தொன்று என்ற எண் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு தானாக நின்றது.

மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் ஜன்னலோரம் எண்ணினாள். வலது 3, இடது 0. காலையில் வளைத்ததில் கட்டைவிரல் கோடு கொஞ்சம் சிவந்திருந்தது. அதை வெடிப்பு என்றே எழுதினாள். பிறகு அடுத்த வரியில்:

மார்ச் 17, செவ்வாய். தவறு: ட்யூபை அப்பாவிடமே விட்டிருந்தேன்.

நாளைக்கு: மருந்துக்கடை அக்காவிடம் பெரிய டப்பா வாங்க வேண்டும், பின்பக்கம் படிக்க வேண்டும், தொடங்குமுன் நிறுக்க வேண்டும். பேக்கரிக்கு இரண்டு ஜோடி கையுறை. காலை ஐந்து மணிக்கு அப்பா கை கழுவி ஈரம் ஒற்றியதும் இரண்டு கைக்கும் நானே பூச வேண்டும்.